பெற்றோர் விருப்பம்

பள்ளிக்கூடத்தில் மாற்றுச் சான்றிதழ் எழுதுவது ஒன்றும் பிரமாதமான காரியம் அல்ல. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, படித்த வகுப்பு, அங்க அடையாளம் ஆகிய எல்லாவற்றையும் பதிவேட்டைப் பார்த்து எழுதிவிடலாம். யோசிக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான். “பள்ளியை விட்டு நீங்குவதற்குக் காரணம்” என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்த இடத்தில் உபாத்தியாயர்களாகிய நாங்கள் பெரும்பாலும் யோசியாமலே “பெற்றோர் விருப்பம்” என்று எழுதிவிடுகிறோம். இருபது வருஷமாக நானும் அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன். சென்ற மாதம் முதல் தடவையாக அந்த இரண்டு வார்த்தைகளுக்கு முன்னால் என் பேனா நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். என் வகுப்பில் 9 வயதுப் பையன் ஒருவன் படிக்கிறான். அவனுடைய தாயும் தகப்பனும் இரண்டு வருஷமாகப் பிரிந்து வாழ்கிறார்கள். பையன் தாயோடு ஆயா வீட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தோறும் தகப்பனார் வந்து அழைத்துப் போய், இருட்டுவதற்குள் கொண்டுவந்து விட்டுவிடுவார். இப்போது தாய்க்குச் சிங்கப்பூரில் நல்ல உத்தியோகம் கிடைத்திருக்கிறது. பிள்ளையையும் உடன் அழைத்துப் போக வேண்டும் என்று அந்த அம்மாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மறுநாளே தகப்பனாரும் வந்தார். “என்னைக் கேட்காமல் சான்றிதழைக் கொடுத்துவிடாதீர்கள், ஸார்!” என்று கைகூப்பினார்.

இருவரும் நல்லவர்கள், கஷ்டமே அதில்தான் இருக்கிறது. ஒருவர் குடிகாரராகவோ கொடியவராகவோ இருந்தால், ஊரே ஒரு பக்கமாகச் சாய்ந்து தீர்ப்புச் சொல்லிவிடும். இங்கே அந்த வசதி இல்லை.

அன்று சாயங்காலம் மற்றப் பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு பையன் என் மேஜையருகில் வந்து நின்றான். புத்தகப் பையின் வாரை முறுக்கிக்கொண்டே, “டி.சி.யைக் கொஞ்சம் மெதுவா எழுதுங்க, ஸார்!” என்றான்.

நேயர்களே! அந்தக் குடும்பத்தின் வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் இதை எழுதவில்லை. அது கோர்ட்டின் வேலை. ஆனால் “மெதுவா” என்று அந்தச் சிறுவன் சொன்ன வார்த்தை என்னை விடவில்லை. விவாகம் முறிந்த தம்பதிகளில் ஒருவர் குழந்தையோடு கடல் கடக்கும் வழக்குகள் இந்நாளில் பெருகி வருகின்றன. அவற்றின் சரித்திரத்தைப் படித்துப் பார்த்தேன். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட அந்தச் சரித்திரம் முழுவதிலும் பெரியவர்கள் அவசரப்பட்டிருக்கிறார்கள்; நியாயஸ்தலம் தாமதித்திருக்கிறது; குழந்தை நடுவில் வளர்ந்துவிட்டிருக்கிறது.

எங்கள் செட்டிநாட்டுக்குக் கடல் புதிது அல்ல. இரங்கூன், பினாங்கு, ஸைகோன், கொழும்பு என்ற பெயர்கள் பள்ளத்தூர், தேவகோட்டை என்பவை போலவே இங்கே திண்ணைகளில் புழங்கியவை. கொண்டுவிக்கப் போன ஆண்பிள்ளைகள் மூன்று வருஷக் கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். சில காலம் இருந்துவிட்டு மறுபடியும் கப்பலேறுவார்கள். பெண்களும் குழந்தைகளும் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தார்கள். பல குழந்தைகளுக்கு அப்பச்சி என்றால் கடிதம். எப்போதாவது வந்திறங்கும் பெட்டி. அந்த ஏற்பாட்டில் துக்கம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பெண்கள் தனிமையில் கழித்த வருஷங்களை யாரும் கணக்கில் எழுதவில்லை. ஆயினும் தகப்பன் எங்கே போனாலும் குழந்தைக்கு ஊர் ஒன்று, வீடு ஒன்று, பள்ளிக்கூடம் ஒன்று என்ற நிலை இருந்தது. 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது உயிர் தப்பினால் போதும் என்று ஓடி வந்தவர்களுக்கும் கதவைத் திறந்து வைத்தது அந்த வீடுதான்.

இன்று பெரிய வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. ஆண், பெண் இருவருமே உத்தியோகம் பார்க்கிறார்கள். குடும்பமே விமானம் ஏறுகிறது. ஒன்றாகப் புறப்பட்டால் கேள்வி ஒன்றும் இல்லை. குடும்பம் இரண்டான பிறகு ஒரு பாதி மட்டும் புறப்படும்போது, குழந்தை எந்தப் பாதியைச் சேர்ந்தது?

இந்தக் கேள்வி நம் சென்னை ராஜதானியில் முன்னொரு காலத்தில் மிகப் பெரிய வழக்காகவே வந்தது. அதில் வழக்காடியவர்கள் தாயும் தகப்பனும் அல்ல, தகப்பனும் வளர்த்தவரும். ஆனாலும் பிரச்னை இதேதான். அடையாற்றில் பிரம்மஞான சபையில் இருந்த ஸ்ரீ நாராயணய்யா, தாயை இழந்த தம் புதல்வர் இருவரை 1910-ம் வருஷம் மார்ச்சு மாதம் ஸ்ரீமதி அன்னி பெஸன்ட் அம்மையாரின் பாதுகாப்பில் ஒப்படைத்துக் கையெழுத்திட்டார். மூத்தவர் பின்னாளில் உலகறிந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, இளையவர் நித்யானந்தா. 1912-ல் அம்மையார் சிறுவர்களை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்று, அங்கேயே படிப்புக்கு ஏற்பாடு செய்தார். தகப்பனார் மனம் மாறிவிட்டது. அதே வருஷம் செங்கற்பட்டு ஜில்லாக் கோர்ட்டில் பிராது கொடுத்தார். வழக்கு சென்னை ஹைகோர்ட்டுக்கு மாற்றப்பட்டது. தகப்பனாருக்காக ஸி. பி. ராமஸ்வாமி ஐயர் ஆஜரானார். அம்மையார் தம் கக்ஷியைத் தாமே வாதாடினார். 1913-ல் ஜட்ஜு பேக்வெல் தகப்பனார் பக்கம் தீர்ப்பளித்தார். அப்பீலிலும் தகப்பனாரே ஜயித்தார்.

1914-ம் வருஷம் மே மாதம் லண்டன் பிரிவி கவுன்ஸில் அவ்வளவையும் தள்ளிவிட்டது. சிறுவர்கள் செங்கற்பட்டு ஜில்லாவில் வசிக்கவில்லை. ஆதலால் அந்தக் கோர்ட்டில் தொடுத்த வழக்கே செல்லாது என்பது ஒரு காரணம். சிறுவர்களுக்குத் தங்கள் கருத்தைச் சொல்லச் சந்தர்ப்பம் அளிக்காமலும், அவர்களுடைய நலனைத் தக்கபடி விசாரிக்காமலும், அவர்களைத் திருப்பி அழைத்து வரும்படி உத்தரவிட்டது தவறு என்பது மற்றொரு காரணம். தீர்ப்பு வெளியானபோது மூத்த “சிறுவருக்கு” வயது 19! சகோதரர்கள் தாய்நாட்டில் மறுபடியும் கால் வைத்தது 1921-ம் வருஷத்தின் இறுதியில்.

அம்மையார் 1917-ல் காங்கிரஸுக்குத் தலைமை வகித்தவர். இந்தத் தேசம் அவருக்கு நன்றிக் கடன் பட்டிருக்கிறது. அதை மறந்து நான் பேசவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். எந்தக் கோர்ட்டில் யார் ஜயித்தார்கள் என்பது பிற்பாடுதான். 1912-ல் கப்பல் புறப்பட்ட அன்றைக்கே வழக்கின் பெரும்பகுதி முடிந்துவிட்டது. பிரிவி கவுன்ஸில் சொன்ன இரண்டாவது காரணம் பொன்னான வார்த்தை. குழந்தைகளைக் கேட்க வேண்டும். ஆனால் அதைக் கேட்பதற்குரிய நாள் கப்பல் புறப்படுவதற்கு முந்தின நாள் அல்லவா?

சுதந்திரம் வந்த பிறகு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த வழக்குகளிலும் இந்தக் காலக் கணக்குத்தான் கண்ணில் படுகிறது. 1984-ல் ஒரு வழக்கு: தகப்பன் இங்கிலாந்திலிருந்து பிள்ளையைப் பஞ்சாபுக்குக் கொண்டுவந்துவிட்டார். கோர்ட்டு, பிள்ளையை இங்கிலாந்தில் இருந்த தாயிடமே ஒப்படைத்தது. 1997-ல் மற்றொரு வழக்கு: அமெரிக்காவிலிருந்து தாய் 1983-ல் பிறந்த குழந்தையோடு இந்தியாவுக்கு வந்துவிட்டார். கடைசித் தீர்ப்பு வருவதற்குள் குழந்தை 14 வயதுப் பிள்ளையாகிவிட்டான். இத்தனை காலம் இங்கே வேரூன்றிய பிள்ளையைப் பிடுங்கி நடுவதில் என்ன நன்மை? கோர்ட்டு அவனைத் தாயோடே விட்டது. 2009-ல் ஒரு வழக்கு நம் சென்னையைத் தொட்டது. 2007-ல் அமெரிக்காவிலிருந்து தாயோடு வந்த சிறுவன் இருக்குமிடம் தெரியாமல் தகப்பன் தவிக்க, சுப்ரீம் கோர்ட்டின் உத்தரவின் பேரில் ஸி.பி.ஐ. இலாகா தேடிச் சென்னையில் கண்டுபிடித்தது. பிள்ளையைத் திரும்ப அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்லும்படி தாய்க்கு உத்தரவாயிற்று. ஒளித்து வைக்கப்பட்ட பிள்ளை எந்தப் பள்ளியில் நிம்மதியாகப் பாடம் படித்திருப்பான் என்பது என் போன்ற உபாத்தியாயனுக்குத் தோன்றும் கேள்வி.

2017-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான விதியை நிலைநாட்டியது. வெளிநாட்டுக் கோர்ட்டு உத்தரவு போட்டுவிட்டது என்பதற்காகவே குழந்தையை யந்திரம் போல் திருப்பி அனுப்பக்கூடாது. அந்த உத்தரவு கவனிக்க வேண்டியவற்றில் ஒன்று, குழந்தையின் க்ஷேமமே எல்லாவற்றுக்கும் மேல் என்றது. இங்கிலாந்திலிருந்து தாயோடு வந்த பெண் குழந்தை இங்கேயே இருக்க அநுமதி கிடைத்தது. 2020 ஜனவரியில் அதே கோர்ட்டு, தாய் தகப்பன் இருவருடைய அன்புக்கும் குழந்தைக்கு உரிமை உண்டு என்று வற்புறுத்தி, ஒரு குழந்தையை அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பியது. 2022 ஜூலையில் நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று வந்தது. அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்துக் கோர்ட்டு, பெற்றோர் இருவருக்கும் கூட்டுப் பொறுப்பு என்று ஏற்பாடு செய்திருக்க, தகப்பன் குழந்தைகள் இருவரையும் இந்தியாவுக்கு அழைத்து வந்து, திருப்பி அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார். தாய் ஆட்கொணர்வு மனுப் போட்டு ஜயித்தார்.

இவற்றை அடுத்தடுத்துப் படிப்பவர்களுக்கு, ஒரு நாள் கிழக்கும் ஒரு நாள் மேற்கும் காட்டும் காற்றாடி போலத் தோன்றலாம். அப்படி அல்ல. க்ஷேமம் என்பது குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். ஜட்ஜுகள் ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியே பார்த்திருக்கிறார்கள். அவர்களிடம் நான் காணும் குறை ஒன்றும் இல்லை. குறை, வழக்கு அவர்களிடம் வந்து சேரும் வேளையில் இருக்கிறது. மேலே சொன்ன ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் முதலில் டிக்கெட்டு வாங்கினார். பிறகுதான் சட்டம் விழித்துக்கொண்டது.

முதலில் கோர்ட்டை நாடி, பிறகு புறப்பட்ட வழக்கு இல்லையா என்றால், உண்டு. ஒரு தகப்பன் தம் மகனைக் கென்யா தேசத்துக்கு அழைத்துச் செல்ல விரும்பினார். தாய் டெல்லியில் இருந்தார். குடும்பக் கோர்ட்டு 2018-லும், டெல்லி ஹைகோர்ட்டு 2020-லும் தகப்பனுக்குச் சாதகமாகத் தீர்த்தன. 2020 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே ஊர்ஜிதம் செய்தது. மூன்று ஜட்ஜுகளில் ஒருவர் மாறுபட்டார். பெரும்பான்மையோர் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிடவில்லை. நைரோபிக் கோர்ட்டில் இதே மாதிரியான உத்தரவு ஒன்று பெற்றுத் தாக்கல் செய்ய வேண்டும். 1 கோடி ரூபாய் கட்ட வேண்டும். தாய் பிள்ளையைச் சந்திக்கவும் பேசவும் வகை செய்ய வேண்டும் என்று நிபந்தனைகள் விதித்தார்கள். பிள்ளை போனான். ஒரு வருஷத்துக்குள் ஏற்பாடு உடைந்தது. தகப்பன் கோர்ட்டை ஏமாற்றிவிட்டார் என்று கண்டு, 2021 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு தன் உத்தரவையே திரும்பப் பெற்றது. 2022-ல் கோர்ட்டு அவமதிப்புக் குற்றவாளி என்றும் அவரைத் தீர்மானித்தது. ஆனால் கோர்ட்டின் கை கடலைத் தாண்டி எட்டுமா? காகிதத்தில் எழுதிய வாக்குறுதிக்கு அந்த நாட்டிலும் பிடிமானம் இருந்தால்தான் பயன் உண்டு என்பது இந்த வழக்கு புகட்டிய பாடம்.

நம்மிடம் உள்ள சட்டந்தான் என்ன? 1890-ம் வருஷத்துக் கார்டியன் சட்டம் இன்னும் அமுலில் இருக்கிறது. அதன் 26-வது பிரிவில் அருமையான விதி ஒன்று உண்டு. கோர்ட்டு நியமித்த கார்டியன், அந்தக் கோர்ட்டின் அநுமதி இல்லாமல் குழந்தையை அதன் எல்லைக்கு வெளியே கொண்டு போகக் கூடாது. அறிவு முதிர்ந்த பிள்ளையானால் அதன் விருப்பத்தையும் கோர்ட்டு கவனிக்கலாம் என்று 17-வது பிரிவு கூறுகிறது. 1956-ம் வருஷத்து ஹிந்து மைனர் சட்டம் 5 வயது வரை குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்கிறது. குழந்தையின் நலனே பிரதானம் என்றும் சொல்கிறது. எல்லாம் நல்ல விதிகளே. ஆனால் 26-வது பிரிவு, கோர்ட்டு நியமித்த கார்டியனைத்தான் கட்டுப்படுத்தும். கோர்ட்டுப் படியேறாத தாயையும் தகப்பனையும் அது கட்டுப்படுத்தாது. கடவுச்சீட்டுக்கு இருவர் சம்மதமும் சாதாரணமாகக் கேட்கப்பட்டாலும், ஒருவர் சம்மதம் கிடைக்காதபோது மற்றவர் உறுதிமொழி எழுதிக் கொடுத்து விண்ணப்பிக்க வழி இருக்கிறது.

உலக நாடுகள் 1980-ல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. இன்று 100-க்கு மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. இலங்கை சேர்ந்திருக்கிறது, சிங்கப்பூர் சேர்ந்திருக்கிறது. பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பதை அந்த உடன்படிக்கை தீர்மானிப்பதில்லை. எந்த நாட்டுக் கோர்ட்டு அதைத் தீர்மானிக்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. அக்கிரமமாகக் கொண்டு போகப்பட்ட பிள்ளையை, அது வழக்கமாக வசித்த நாட்டுக்கு விரைவில் திருப்பி அனுப்பு. வாதம் அங்கே நடக்கட்டும் என்பது அதன் சாரம். ஆறு வாரத்துக்குள் முடிவு வராவிட்டால் தாமதத்துக்குக் காரணம் கேட்கலாம் என்றும் அதில் விதி உண்டு.

இந்தியா இதில் சேரவில்லை. சேர வேண்டும் என்று சட்டக் கமிஷன் 2009-ல் சிபார்சு செய்தது. 2016-ல் மசோதாவையே பரிசீலித்து அறிக்கை கொடுத்தது. பிறகு ஒரு கமிட்டி 2018-ல் தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. சட்டம் மட்டும் பிறக்கவில்லை. தயங்குபவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வெளிநாட்டில் புருஷனிடம் அடியும் உதையும் பட்டு, கையில் காசின்றி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்வீடு ஓடி வரும் பெண்ணைக் “குழந்தை திருடி” என்று சொல்லித் திருப்பி அனுப்புவது தர்மமா? குழந்தைக்குக் கடுமையான ஆபத்து உண்டானால் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று உடன்படிக்கையிலேயே விலக்கு இருக்கிறது. ஆனால் ஏழைப் பெண் அந்நிய தேசத்தில் பட்ட அடிக்கு எங்கிருந்து சாட்சி கொண்டுவருவாள்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத சட்டம் நமக்கு வேண்டாம்.

ஆகவே, அயலார் எழுதியதை அப்படியே நகல் எடுப்பதும் வேண்டாம். அவர்கள் மேல் பழி சொல்லிக்கொண்டு சும்மா இருப்பதும் வேண்டாம். நமக்கென்று ஒரு சட்டம் செய்துகொள்ளலாம். பிரிந்து வாழும் பெற்றோரில் ஒருவர் குழந்தையோடு வெளிநாடு குடியேற விரும்பினால், மற்றவருடைய எழுத்து மூலமான சம்மதமோ கோர்ட்டின் அநுமதியோ முதலில் வேண்டும். அநுமதி கேட்டு வருபவர்களுக்கு வருஷக்கணக்கில் அல்ல, வாரக்கணக்கில் பதில் கிடைக்க வேண்டும். உத்தியோகம் காத்திராது, பள்ளிக்கூடம் காத்திராது. குழந்தையை ஜட்ஜு தனியே அழைத்துப் பேச வேண்டும். போகிற நாட்டிலும் செல்லுபடியாகக்கூடிய உத்தரவு கைக்கு வந்த பிறகே பிரயாணம் தொடங்க வேண்டும். கொடுமைக்குத் தப்பி ஓடி வந்த தாய்க்கு இவற்றிலிருந்து விலக்கும், இலவச வக்கீல் உதவியும் வேண்டும்.

சட்டம் வரும் வரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. 2022-ல் சென்னை ஹைகோர்ட்டு ஒரு வழக்கில், பிரிந்து வாழும் தாய் தகப்பனார் ஒருவரை ஒருவர் அதிதியாக நடத்த வேண்டும் என்று அறிவுறுத்தியது. குழந்தையைப் பார்க்க வரும் தகப்பனுக்குச் சிற்றுண்டியும் சாப்பாடும் கொடுத்து உபசரிக்கவும் சொன்னது. விருந்தோம்பலுக்குப் பெயர் போன எங்கள் பக்கத்தாருக்கு இது கடினமான காரியமா? பிள்ளை கடல் கடந்தாலும், இங்கே நிற்பவரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லி வளர்க்கலாம். விடுமுறைக்கு ஊருக்கு அனுப்பலாம். கைபேசியில் முகம் பார்த்துப் பேசும் வசதி, இரங்கூனிலிருந்து கடிதத்துக்குக் காத்திருந்த காலத்தவருக்குக் கிடைக்காத பாக்கியம்.

என் மாணவனுக்கு வருகிறேன். அவனுடைய தாயார் டிக்கெட்டு வாங்கவில்லை. “கோர்ட்டில் மனுப் போட்டிருக்கிறேன், ஸார். உத்தரவு வந்தால்தான் புறப்படுவேன். அவன் அப்பா முகத்தில் விழிக்க முடியாதபடி போக எனக்கு இஷ்டமில்லை” என்றார். முதல் நாள் அவர் சான்றிதழ் கேட்டபோது, ஏன் இவ்வளவு அவசரம் என்று மனத்துக்குள் கோபித்துக்கொண்டவன் நான், அன்று வெட்கப்பட்டேன். தகப்பனாரோ, ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் தவறாமல் வருகிறார். ஜட்ஜு தம் அறையில் பையனோடு தனியே பேசியிருக்கிறார். என்ன கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை. அவனாகவே வந்து, “எனக்கு என்ன பாடம் பிடிக்கும்னு கேட்டாங்க, ஸார். கணக்குன்னு சொன்னேன்” என்றான்.

வழக்கு இன்னும் முடியவில்லை. சான்றிதழ்ப் புத்தகம் என் மேஜை மேல் இருக்கிறது. பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம் எல்லாம் எழுதியாகிவிட்டது. காரணம் என்ற கட்டம் மட்டும் காலி. “பெற்றோர்” என்பது பன்மைச் சொல் என்று மூன்றாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கிறோம். ஒருவர் விருப்பத்தை அந்தச் சொல்லால் எழுத எனக்கு உரிமை இல்லை. இருவரும் ஒத்துக்கொண்டு கையெழுத்திட்டாலும் சரி, இருவரையும் பையனையும் கேட்டுக் கோர்ட்டு உத்தரவிட்டாலும் சரி, அன்றைக்கு அந்தக் கட்டத்தைப் பூர்த்தி செய்வேன். அதுவரை மெதுவாகத்தான் எழுதுவேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.